ஆப்கன் வரலாறு: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

சார், ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

தாமஸ் பார்ஃபீல்டு எழுதிய ‘ஆப்கானிஸ்தான்: எ கல்ச்சுரல் அண்ட் பொலிட்டிக்கல் ஹிஸ்டரி’ (2010). மானுடவியலாளர். 1970-களிலேயே வட ஆப்கானிஸ்தானில் தங்கி, மேய்ச்சல் நாடோடிகளை ஆராய்ந்தவர். அதனால் ராஜாக்கள் பட்டியலாக இல்லாமல், அங்கே ஆட்சியில் உட்கார்ந்தவனை மக்கள் எப்போது ஏற்றார்கள், எப்போது ஏற்கவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. தொடக்கத்தில் இனக்குழு, மலை, பாசனம் என்று கொஞ்சம் மெதுவாக நகரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

ஆப்கானிஸ்தானைப் ‘பேரரசுகளின் கல்லறை’ என்று எல்லாரும் எழுதுகிறார்களே, உண்மையா?

தலைப்பு வைக்க வசதி, அவ்வளவுதான். பாபர் காபூலைப் பிடித்தது 1504-ல். பாரசீக மன்னர் நாதிர் ஷா 1738-ல் பறிக்கும்வரை அது பெரும்பாலும் முகலாயர் கையில்தான் இருந்தது. பாபரின் சமாதியும் காபூலில்தான், அதுவும் அவரே விரும்பிய இடம்! சாமானிய மக்களைத் திரட்டி அந்நியரை விரட்டுவது 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் வந்த பிறகுதான் பெரிதாகிறது என்பது பார்ஃபீல்டின் வாதம். அப்படித் திரண்ட கிராமங்களை அதற்குப் பிறகு வந்த அமீர்களாலேயே (ஆப்கன் மன்னர்கள்) எளிதில் அடக்க முடியவில்லை.

பிரிட்டிஷ் படை மொத்தமும் அழிந்து ஒரே ஒரு டாக்டர் தப்பித்த கதை எதில் இருக்கிறது?

வில்லியம் டால்ரிம்பிளின் ‘ரிட்டர்ன் ஆஃப் எ கிங்’. லூதியானாவில் கிழக்கிந்தியக் கம்பெனி தயவில் காலம் தள்ளிய, பதவியிழந்த ஆப்கன் மன்னர் ஷா ஷுஜாவை 1839-ல் கொண்டுபோய் மறுபடி அரியணையில் வைக்கிறார்கள். 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கியவர்கள் படைவீரர்கள் சுமார் 4,500 பேர், உடன் சென்ற வேலையாட்களும் குடும்பங்களும் சுமார் 12,000 பேர். பெரும்பாலோர் இந்தியர்கள். பள்ளிப் பாடத்தில் இது எங்கே வருகிறது? ஜலாலாபாத்துக்குத் தனியாகக் குதிரையில் வந்த டாக்டர் பிரைடன் ஓவியத்தில் ஏறிவிட்டார். ஆனால் அவர் ஒருவர்தான் பிழைத்தார் என்பது சரியல்ல. பணயக்கைதிகளும் சிப்பாய்கள் சிலரும் பிறகு மீண்டார்கள். அதே ஆண்டு திரும்பிவந்த பிரிட்டிஷ் படை காபூல் கடைவீதியை அழித்த கதையையும் விடாமல் படியுங்கள்.

ஷுஜாவே எழுதிய நினைவுக்குறிப்பு உட்படப் பாரசீக மூலங்களைப் பயன்படுத்தியதுதான் இந்தப் புத்தகத்தின் பலம். 2001-க்குப் பிந்தைய நிலைமையோடு டால்ரிம்பிள் போடும் முடிச்சுகள் சில எனக்குக் கொஞ்சம் இழுவையாகப் பட்டன.

தோழர், சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது பற்றி ஒருசார்பில்லாத புத்தகம்?

ரோட்ரிக் பிரெய்த்வெய்ட்டின் ‘அஃப்கான்ட்ஸி’. மாஸ்கோவில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் என்றாலும் பழிபோடும் தொனி இல்லை. 1979 மார்ச்சில் ஹெராத் நகரில் கலகம் வெடித்ததும் ஆப்கன் கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் தராக்கி படை கேட்கிறார், சோவியத் பிரதமர் கொசிகின் மறுக்கிறார். டிசம்பரில் அதே மாஸ்கோ படையை அனுப்பி, தராக்கியை வீழ்த்திவிட்டு ஆட்சிக்கு வந்த அமீனைக் கொல்கிறது. வேண்டாம் என்று தெரிந்தே எப்படி இறங்கினார்கள் என்பதுதான் அதில் சுவையான பகுதி. சோவியத் தரப்பில் செத்தவர்கள் சுமார் 15,000. ஆப்கானியர் பத்து லட்சம் வரை என்பது ஒரு மதிப்பீடு.

கூடவே ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் ‘ஜிங்க்கி பாய்ஸ்’. துத்தநாகப் பெட்டியில் திரும்பிவந்த பிள்ளைகளின் தாய்மார்கள் பேசுகிறார்கள். ஒரே மூச்சில் படிக்க முடியாது.

அமெரிக்கக் காலத்துக்கு ‘கோஸ்ட் வார்ஸ்’ போதுமா அண்ணா?

ஸ்டீவ் கோலின் அந்தப் புத்தகம் 2001 செப்டம்பர் 10-உடன் முடிந்துவிடுகிறதே, தம்பி! சிஐஏ, ஐஎஸ்ஐ, சவூதி பணம் என்று பின்னணி தெரிந்துகொள்ள நல்லது. ஆக்கிரமிப்புக் காலத்துக்கு ஆனந்த் கோபாலின் ‘நோ குட் மென் அமங் தி லிவிங்’ (2014) படிக்க வேண்டும். ஒரு தாலிபன் தளபதி, அமெரிக்க ஆதரவு பெற்ற ஒரு பிரமுகர், ஒரு குடும்பப் பெண் என்று மூன்று பேர் கதை. 2002-ல் தாலிபன்களில் பலர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்களோ தங்கள் பகையாளிகளைத் ‘தாலிபன்’ என்று அமெரிக்கர்களிடம் காட்டிக்கொடுத்தார்கள். அந்தப் போர் மறுபடி எப்படி மூண்டது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் படிக்கவில்லை.

கிரெய்க் விட்லாக்கின் ‘தி ஆப்கானிஸ்தான் பேப்பர்ஸ்’ வாஷிங்டன் சொன்ன பொய்களுக்கு நல்ல சாட்சி. ஆனால் பேசுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்க அதிகாரிகள்.

‘தி கைட் ரன்னர்’ படித்தால் போதாதா?

நல்ல நாவல்தான். ஹசாராக்கள் என்ற சிறுபான்மை இனத்தவர் பட்ட இழிவு அதில் தெரியும். ஆனால் அது வசதியான காபூல் வீட்டுப் பையனின் பார்வை. போரின் பெரும்பகுதி கிராமங்களில் நடந்தது.

தாலிபன் தரப்பே எழுதியது ஏதாவது?

அப்துல் சலாம் ஸயீஃபின் ‘மை லைஃப் வித் தி தாலிபன்’. பாகிஸ்தானில் தாலிபன் தூதராக இருந்து, பிறகு அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையில் அடைபட்டவர். தன் தரப்புக்கு வக்காலத்து வாங்குவார், தெரிந்துகொண்டே படியுங்கள். சோவியத் காலக் காந்தஹார் பற்றிய பக்கங்களுக்காகவே வாங்கலாம்.

ஆங்கிலம் எனக்குச் சிரமம். தமிழில்?

பா. ராகவனின் ‘தாலிபன்’. விறுவிறுப்பாகப் போகும், பெயர்கள் மனதில் நிற்கும். முடித்த சூட்டோடு ஒரு வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு பார்ஃபீல்டை முயன்று பாருங்கள். அவர் ஆங்கிலம் கடினமில்லை.