பட்டியல் நின்ற பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் தளத்தில் வெளியான பறவைக் கட்டுரைகளைப் படித்துத்தான் நானும் பார்க்கத் தொடங்கினேன். வீட்டின் பின்பக்கம் சில மரங்களும் கொஞ்சம் புதரும் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒவ்வொரு வாரமும் குறிப்பேட்டில் ஒரு புதுப்பெயர் ஏறியது. இப்போது பட்டியல் நின்றுவிட்டது. எப்போது பார்த்தாலும் அதே காகம், அதே மைனா, அதே அணில். ஆகவே இயற்கை நடைகளுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே வழிநடத்துபவர் இரண்டு மணி நேரத்தில் ஐம்பது பெயர்களாவது சொல்லிவிடுகிறார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வீடு திரும்பினால் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை. உடன்வந்த ஒருவர், "வீட்டருகே பார்க்க என்ன இருக்கிறது? பார்ப்பதென்றால் காட்டுக்குத்தான் போக வேண்டும்" என்றார். அது உண்மைதானா?

இன்னொன்று. சென்ற நடையில், புதருக்குள் மறைந்திருந்த ஒரு பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டார்கள். அது உடனே வெளியே வந்து கிளையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கத்தியது, எல்லாரும் படமெடுத்தார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் என்ன தவறு என்று சொல்லத் தெரியவில்லை. எந்த பைனாகுலர் வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியல் நின்றுபோனதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே படுகிறது. இதுவரை நீங்கள் கேட்டுவந்தது "இது என்ன பறவை?" என்ற ஒரே கேள்வியைத்தான். வீட்டைச் சுற்றியுள்ள அளவில் அதற்கு விடை கிடைத்துவிட்டது. அந்த மைனா என்ன செய்கிறது, யாரோடு சேர்ந்து செய்கிறது, அதை ஏன் இந்த நேரத்தில் இந்தக் கிளையில் செய்கிறது என்பதையெல்லாம் இனிமேல்தான் கேட்கப் போகிறீர்கள். இந்தக் கேள்விகளைக் காட்டில் ஒருமுறை கண்டு கடந்துபோகும் பறவையிடம் கேட்க முடியாது. நாள்தோறும் கண்ணில் படும் பறவையிடம் மட்டுமே கேட்க முடியும். ஆகவே உங்கள் நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் வாழ்ந்த மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற பெண்மணியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர் பல்கலைக்கழகப் பதவி எதிலும் இல்லை. குழந்தைகளை வளர்த்துக்கொண்டு வீட்டை நடத்தியவர். 1928ஆம் ஆண்டு தொடங்கி, தம் வீட்டருகே ஆற்றங்கரைப் புதர்களில் வாழ்ந்த 'சாங் ஸ்பாரோ' என்ற சிட்டுகளின் கால்களில் வண்ண வளையங்களை மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு தொடர்ந்து பார்த்தார். அந்த வட்டாரத்தில் அது அரிய பறவையே அல்ல. நமக்கு மைனா எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. எந்த ஆண் எந்த எல்லையைக் காத்தது, மறு ஆண்டு அதே இடத்துக்கு எது திரும்பியது, எது யாரோடு இணைசேர்ந்தது என்று அவர் குறித்துவைத்தவை 1937இலும் 1943இலும் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியாயின. பறவைகளின் நடத்தையைப் பற்றிய ஆய்வே அதன்பின் வேறு திசையில் நகர்ந்தது. ஒரே ஆண் பறவை ஒரே நாளில் பாடிய 2,305 பாட்டுகளை அவர் எண்ணியிருக்கிறார். அதை எண்ணுவதற்கு ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார வேண்டும். வீட்டருகே இருந்தால்தான் அது நடக்கும்.

நீங்கள் கால்வளையம் மாட்ட வேண்டியதில்லை. அதற்கு முறையான பயிற்சியும் அனுமதியும் தேவை. ஆனால் வளையம் இல்லாமலே காணக்கூடியவை ஏராளம். ஊதாத் தேன்சிட்டின் ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் தொலைவிலிருந்து பார்த்தால் முழுக் கறுப்பு. வெயில் பட்டால் ஊதாவும் நீலமும் மின்னும். அந்தக் காலம் முடிந்ததும் இறகுகளை உதிர்த்து, வயிற்றுப்புறம் மங்கிய மஞ்சளாகி, ஏறக்குறையப் பெண்ணைப் போலவே ஆகிவிடும். தொண்டையிலிருந்து வயிறுவரை ஓடும் ஒரு கரிய கோடு மட்டும் அது ஆண் என்று காட்டிக்கொடுக்கும். ஒருமுறை மட்டும் பார்க்கிறவர் இதை வேறொரு பறவை என்று எழுதிக்கொண்டு போகக்கூடும். அதே செடிக்கு அதே பறவை வருவதை வாரந்தோறும் பார்க்கிறவருக்கோ, கறுப்பு திட்டுத்திட்டாகக் கலைவதும் பிறகு மெல்லத் திரும்பி நிறைவதும் கண்ணெதிரே நடக்கும்.

பறவைகளோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் உங்கள் மரங்களில் இருந்தால், அவை சாரிசாரியாகப் போகும் கிளையில் சற்று நேரம் கண்ணை வையுங்கள். சாரியை விட்டு ஓரடி தள்ளி, அதே செம்பழுப்பு நிறத்தில், அதே ஒடுங்கிய இடுப்போடு ஒன்று மட்டும் தனியே திரிந்தால் அதன் கால்களை எண்ணிப் பாருங்கள். ஆறுக்குப் பதிலாக எட்டு இருந்தால், அது எறும்பைப் போல வேடமிட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்புகளைப் போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். தலையின் முன்பக்கத்தில் பெரிய இரண்டு கண்கள் உங்களையே பார்க்கும். எறும்புக்கு அப்படிப்பட்ட கண்கள் கிடையாது. குச்சியால் லேசாகத் தொட்டால் எறும்பைப் போலக் கடிக்க வராது. ஓர் இழையை விட்டுக் கீழே தொங்கி நழுவிவிடும். முசுறைக் கடித்துத் தின்னத் துணியும் பறவைகளும் பூச்சிகளும் குறைவு என்பதால், முசுறைப் போலத் தோன்றுவதே அதற்குப் பாதுகாப்பு. இதைப் பார்க்க எந்தச் சரணாலயத்துக்கும் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டியதில்லை.

இனி, வீட்டருகே பார்ப்பதற்கும் காட்டு நடைக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். அணில் வாலை வெட்டிவெட்டி ஆட்டிக்கொண்டு ஓயாமல் ஒரே சுதியில் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அடுத்தமுறை அதைக் கேட்கும்போது அணிலைப் பார்க்காமல், அது பார்க்கும் திசையைப் பாருங்கள். பூனையோ பாம்போ அங்கே இருக்கலாம். தவிட்டுக்குருவிகளும் சின்னான்களும் கரிச்சானும் ஒரே மரத்தைச் சுற்றிக் கூடிக் கரகரத்தால் உள்ளே ஆந்தை உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. இப்படிக் கூடிக் கத்தும் குரல் கரடுமுரடானது, வெட்டுவெட்டாக ஒலிப்பது; எங்கிருந்து வருகிறது என்று எவரும் உடனே கண்டுபிடித்துவிடலாம். மற்ற பறவைகளையும் அங்கே கூட்டிவருவதுதான் அதன் நோக்கம். ஆனால் வல்லூறு வானில் பறந்து வரும்போது சிறு பறவைகள் பல எழுப்பும் எச்சரிக்கை வேறு வகை: மெல்லிய, உச்சத்தாயியில் இழுபட்டு, எப்போது தொடங்கியது எப்போது முடிந்தது என்று தெரியாமல் கரைந்துவிடும் ஒலி. அதை எழுப்பிய பறவை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். இந்த இரண்டு வகை ஒலிகளின் அமைப்புக்கும் அவற்றின் பயனுக்கும் உள்ள பொருத்தத்தை 1950களில் பறவைக் குரல்களை ஆராய்ந்த பீட்டர் மார்லர் விளக்கினார்.

இந்த வேறுபாட்டைக் காது பழகிக்கொள்ள வேண்டிய இடம் வீடுதான். ஏனென்றால் அங்கே எது வழக்கமான சத்தம் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வழக்கம் கலைந்தால் மட்டுமே அது செய்தியாகிறது. அப்படிப் பழகிய காதோடு காட்டுக்குப் போனால், புள்ளிமான் கூவுவதும் மரத்தின் மேலிருந்து மந்தி இருமுவது போலக் கத்துவதும் வெறும் சத்தமாக இராது. புலியோ சிறுத்தையோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று வழிகாட்டி எப்படிச் சொல்கிறார் என்பதும் மாயமாகத் தோன்றாது. வீட்டருகே எதையும் கவனிக்காதவர் காட்டுக்குப் போனால் வழிகாட்டி சுட்டும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடைக்குப் போகும்போது பெயர்களை எழுதிக்கொண்டே இருக்காதீர்கள். ஐம்பது பெயர் கேட்டு ஒன்றும் நிற்காததற்கு உங்கள் நினைவாற்றல் காரணமல்ல. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கொடுத்தது சில நொடிகள்தான். இரண்டு பறவைகளை மட்டும் தேர்ந்துகொண்டு, அவை பறந்துபோகும்வரை விடாமல் பாருங்கள். குழு முன்னே போனால் போகட்டும். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றோடு ஒப்பிட்டு அதன் அளவை மனத்தில் குறியுங்கள். பிறகு அலகின் வடிவம், வாலின் நீளம், தரையில் நடக்கிறதா தத்துகிறதா, பறக்கும்போது நேர்க்கோட்டில் போகிறதா ஏறியிறங்கிப் போகிறதா என்பனவற்றைப் பாருங்கள். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். புத்தகத்தைத் திறப்பது பறவை போன பிறகு. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் 'மெர்லின்' செயலி 2021 முதல் அந்த வசதியோடு கிடைக்கிறது, நல்ல உதவிதான். ஆனால் அது சொல்வது ஒரு யோசனை மட்டுமே. பாடிய பறவையை நீங்கள் கண்ணால் பார்க்கும்வரை முடிவல்ல. துடுப்புவால் கரிச்சானைப் போல மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும் பறவைகள் காட்டில் உண்டு.

'அதே காகம், அதே மைனா' என்று சலித்துக்கொள்ளும்போது இதையும் நினையுங்கள். பாறுக் கழுகுகள் 1980கள்வரை இந்தியாவில் எங்கும் கண்ட பறவைகள். பெரும்பாலோர் பொருட்படுத்தி எண்ணாதவை. ராஜஸ்தானின் பரத்பூரில் அமைந்த கேவலாதேவ் பூங்காவில் அவற்றை எண்ணிவைத்திருந்த பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் 1990களில் நேர்ந்த சரிவை ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பது அதன்பிறகே தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கான அந்த மருந்துக்கு இந்தியாவில் தடை வந்தது. ஆகவே காகத்தையும் எண்ணுங்கள். 2002இலிருந்து இயங்கும், பறவை பார்ப்பவர்கள் தாம் கண்டவற்றைப் பதியும் 'ஈபேர்ட்' இணையதளத்தில், இத்தனை நிமிடம் பார்த்தேன், கண்டவை இவ்வளவு, எதையும் விட்டுவிடவில்லை என்று முழுப்பட்டியலாகப் பதிந்தால், நீங்கள் காணாத பறவைகளும் அங்கே ஒரு தகவலாகிவிடுகின்றன. ஒரே முற்றத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் வரும் இத்தகைய பட்டியல், அரிய பறவை ஒன்றின் ஒற்றைப் படத்தைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

குரலை ஒலிக்கவிடுவது பற்றி: உங்களுக்கு உறுத்தியது சரியே. அந்தப் பறவை உங்களைப் பார்க்க வெளியே வரவில்லை. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டது என்று எண்ணிச் சண்டைக்கு வந்தது. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த டேவிட் லாக், மார்பு சிவந்த ராபின் பறவைகளை ஆராய்ந்தபோது, அவை பஞ்சடைத்த பொம்மை ராபினை மட்டுமல்ல, வெறும் சிவப்பு இறகுக் கற்றையைக்கூட எதிரியாகக் கொண்டு தாக்கின. எல்லை காக்கும் உணர்வு அவ்வளவு அழுத்தமானது. கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு போராடும் அந்த நேரத்தில் பறவை இரை தேடவில்லை. கூட்டையும் குஞ்சையும் விட்டு வந்திருக்கலாம். வெட்டவெளிக் கிளையில் உட்கார்ந்து வேட்டைப் பறவைகளின் கண்ணில் படுகிறது. ஒரு குழு ஒருமுறை செய்தால் அது தாங்கிக்கொள்ளும். பலரும் வந்துபோகும் பாதையில் ஒவ்வொரு குழுவும் இதையே செய்தால் அந்த எல்லையில் அதற்கு நிம்மதியே இராது. கணக்கெடுப்பில் ஆய்வாளர்கள் வரையறுத்த முறையில் இதைப் பயன்படுத்துவது வேறு. படத்துக்காகச் செய்வதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை. கூட்டருகே இலைகளை விலக்கிப் படமெடுப்பதும் இதே வகைதான். விலக்கிய இடைவெளி வழியே வெயிலும் இறங்கும், காகமும் பார்க்கும். கேமராவைக் குறைசொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். ஆனால் படம் கிடைத்த மறுகணமே திரும்பிப் போய்விடுகிறவர்களைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடுவழியில் வழிநடத்துபவரைத் தடுப்பது சங்கடமாகும். நடை தொடங்கும்போதே, "இன்று குரல் ஒலிக்கவிட வேண்டாமே" என்று தன்மையாகக் கேட்டுவிடுங்கள். உங்களைப் போலவே உறுத்தல் உள்ள வேறு சிலரும் அங்கே இருப்பார்கள்.

பைனாகுலரில் 8x42 என்ற அளவை வாங்குங்கள். எட்டு என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு உருப்பெருக்கம் உள்ளதில் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும், பார்வைப்பரப்பும் பொதுவாகச் சுருங்கும். புதிதாகத் தொடங்குகிறவர் அதில் பறவையைத் தேடிப்பிடிப்பதற்குள் அது போய்விடும். இரண்டு மீட்டர் தொலைவில் உள்ளதையும் தெளிவாகக் காட்டுவதாகப் பார்த்து வாங்கினால், முற்றத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அதுவே போதும். மூக்குக்கண்ணாடி அணிகிறவராக இருந்தால் அதை அணிந்தபடியே முழுக் காட்சியும் தெரிகிறதா என்று சோதித்த பிறகு வாங்குங்கள். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவருவதை ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் மைனாக்கள் தாராளமாகப் போதும்.