அது எப்படிக் கிடக்கும்?

அன்புள்ள ஆலோசகருக்கு ஸ்தோத்திரம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சபையில் வாலிபர் பொறுப்பில் இருக்கிறேன். ஒரு தம்பியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்துவிட்டேன். ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தது நான், மேடை ஏற்றியது நான். இந்த வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளியை அவனிடம் ஒப்படைத்தேன். எல்லாம் சொதப்பல். கடைசி நாள் பாதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எட்டவில்லை. 2,300 ரூபாய்க்குப் பில் இல்லை. எடுத்திருக்க மாட்டான், தெரியும். ஆனால் கமிட்டிக்கு யார் பதில் சொல்வது? கேட்டால், மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன், நைட் ஷிப்ட் என்று சாக்கு. போதகர் ஐயா என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் இப்படியா? ஹால் சாவியை வாங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறும் முன்பே கிளம்பிவிடுகிறான், அது கிடக்கட்டும். இவ்வளவு செய்தும் எனக்குத்தானே கெட்ட பெயர்? கமிட்டியில் எப்படித் தலை நிமிர்வது?

— ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

அது எப்படிக் கிடக்கும்? சாப்பாடு பற்றாமல் போனது ஒரு வேளைச் சங்கதி. ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போகிறவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வராமலே இருந்துவிடுவான். உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இல்லாவிட்டால் அவன் எப்போது கிளம்புகிறான் என்று கவனித்திருப்பீர்களா?

வேதாகமத்தில் வரும் மாற்குவை நினைத்துப் பாருங்கள். ஊழியப் பயணத்தின் நடுவில், பெர்கே என்ற ஊரில் அப்போஸ்தலர் பவுலை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பியவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்றார் பவுல். அவர் சொன்ன காரணம் உண்மைதான். பவுலின் உடன் ஊழியர் பர்னபா அதை மறுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 15-ம் அதிகாரத்தில் இல்லை. ஆனாலும் பவுலைப் பிரிந்தாவது மாற்குவோடு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பல் ஏறினார். சீப்புரு பர்னபாவின் சொந்த மண். சறுக்கினவனைத் தனியே அனுப்பவும் இல்லை, வீட்டோடு உட்காரவைக்கவும் இல்லை. தனக்குப் பழகிய ஊருக்குத் தன்னோடு கூட்டிப்போனார். பிற்பாடு அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்கு உதவுவான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். இடையில் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. எனக்கு அதை அறிய ரொம்ப ஆசை.

கோபப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். சாவியை வாங்கியதில் காப்பாற்றப்பட்டது உங்கள் பெயர் மட்டும்தான். பில் வாங்கத் தெரியாதவனைப் பணம் எடுத்தவன் மாதிரி நடத்தியிருக்கிறீர்கள். நைட் ஷிப்டைச் சாக்கு என்கிறீர்களே, பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் சமயத்தில் ஃபேக்டரி வேலை எப்படி இருக்கும் என்று கிருஷ்ணகிரிக்காரருக்கு நான் சொல்லவேண்டுமா? அத்தனை பிள்ளைகளை அவனிடம் விட்டபோது துணைக்கு யாரை நிறுத்தினீர்கள்? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்து அவன் வீட்டுக்குப் போங்கள். வசனம் எதுவும் சொல்ல வேண்டாம். கணக்கு நோட்டை இரண்டு பேரும் உட்கார்ந்து புரட்டுங்கள். அடுத்த வேலை சின்னதாக இருக்கட்டும். நீங்களும் கூட நில்லுங்கள். கமிட்டியில் கேள்வி வந்தால், "தனியாக விட்டது நான்தான்" என்று சொல்லுங்கள். அவனும் அங்கே இருக்கும்போது சொல்லுங்கள்.