அப்பாவின் பென்ஷன் இன்னும் வருகிறது, எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, 74 வயதில், ஐந்து மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காலமானார். இறப்புச் சான்றிதழ் கேட்டு வி.ஏ.ஓ.விடம் போனோம். "இங்கே பதிவாகவில்லை" என்று சொல்லிவிட்டார். புரோக்கர் ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். காரியச் செலவுக்கு தாய்மாமாவிடம் ஒன்றரை லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கினோம். "சான்றிதழ் எடுத்தால் பென்ஷன் நின்றுவிடும், கடன் அடைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமா. அப்பாவின் கணக்கில் மாதம் 30,000 ரூபாய் வருகிறது. அண்ணன் ஏ.டி.எம். கார்டில் எடுத்து வட்டி கட்டி, வீட்டுச் செலவும் பார்க்கிறார். வங்கியில் அப்பா பெயரில் 4 லட்சம் டெபாசிட் இருக்கிறது, நாமினி அம்மா (66 வயது). எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. டெபாசிட், வாரிசு, வட்டி எல்லாம் அப்புறம். முதலில் அந்த ஏ.டி.எம். கார்டை உள்ளே வையுங்கள். இன்றைக்கே. உங்கள் குடும்பத்துக்கு நஷ்டம் வருவது அந்த ஒரு பழக்கத்தால்தான்.

அப்பா காலமான மறுநாளிலிருந்து வரும் ஓய்வூதியம் உங்கள் பணம் இல்லை. அம்மாவுக்குச் சேர வேண்டியது குடும்ப ஓய்வூதியம், அது வேறு தொகை. முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். இந்த வயதில் இறந்தவரின் மனைவிக்கு அதே சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியம். அதாவது 30,000 வந்த இடத்தில் தோராயமாக 18,000 வரும். ஐந்து மாதத்தில் நீங்கள் எடுத்தது 1,50,000. அம்மாவுக்கு உரியது 90,000. மீதி 60,000 ரூபாயை, ஓய்வூதியம் வழங்கும் அரசுக் கருவூலம் திரும்பக் கேட்கும். நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கடன் 12,000 கூடுகிறது. மாமாவுக்குக் கட்டும் வட்டி 3,000. ஆக, தாமதத்தின் விலை மாதம் 15,000 ரூபாய்.

"யாருக்குத் தெரியப்போகிறது" என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைச் சரிபார்க்கும் வருடாந்திர நேர்காணலில் ஆள் வரவில்லை என்றால் கருவூலத்துக்குத் தெரிந்துவிடும். நீங்களாகப் போய்ச் சொன்னால் பிடித்தம் செய்வதோடு பெரும்பாலும் முடியும். வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று ஆனால் போலீஸ் புகார் வரை போகலாம், கார்டைப் போட்டவர் என்று உங்கள் அண்ணன் பெயர்தான் வரும். மாமா கஷ்ட காலத்தில் பணம் கொடுத்தவர், நன்றி இருக்கட்டும். ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 36,000 வட்டி வாங்குபவர், கடனை மெதுவாக அடைக்கச் சொல்லும் யோசனையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி சான்றிதழ். இறப்பைப் பதிவு செய்வது உயிர் பிரிந்த இடத்தில்தான், சொந்த ஊரில் இல்லை. உங்கள் வி.ஏ.ஓ. சொன்னது சரி. வீட்டில் இறந்திருந்தால் அவரிடம் பதிவாகியிருக்கும். மதுரை மருத்துவமனை என்றால் 21 நாளுக்குள் தகவல் அனுப்ப வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. மருத்துவமனை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் மாநகராட்சிப் பதிவில் அநேகமாக ஏற்கெனவே ஏறியிருக்கும். மருத்துவமனையில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போய், தகவல் அனுப்பிய தேதியையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். எண் கிடைத்தால் அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் சான்றிதழைத் தேடி எடுக்கலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியின் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மருத்துவமனை கொடுத்த தாளும் மயான ரசீதும் இறப்புச் சான்றிதழ் ஆகாது. ஆனால் போகும்போது இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

ஒருவேளை பதிவே ஆகவில்லை என்றாலும் பதற வேண்டாம். 30 நாள் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால் அனுமதி வாங்கி, தாமதக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வரைக்கும் அலைய வேண்டும். இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். இதில் 8,000 ரூபாய்க்குப் புரோக்கர் செய்ய எந்த வேலையும் இல்லை.

சான்றிதழ் கையில் வந்ததும் பெயரைப் பாருங்கள். மருத்துவமனையில் அவசரத்தில் சேர்க்கும்போது யாரோ கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார்கள், அதுவே சான்றிதழில் ஏறிவிடும். பாஸ்புக்கில் 'ராஜேந்திரன்', சான்றிதழில் 'ராஜு' என்று இருந்தால் வங்கி ஏற்காது. இனிஷியல், ஊர், இறந்த தேதி, அப்பாவின் தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் ஆதாரோடும் பென்ஷன் புத்தகத்தோடும் ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அதே அலுவலகத்தில் ஆதாரம் காட்டித் திருத்தம் கேட்டு, அதன் பிறகே மற்ற இடங்களுக்குப் போங்கள். 'ஒரிஜினல் பத்து வேண்டும்' என்பதெல்லாம் பழைய கதை. க்யூஆர் குறியீடும் டிஜிட்டல் கையொப்பமும் உள்ள சான்றிதழைத் தேவைக்கு ஏற்ப அச்சிட்டுக்கொள்ளலாம். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

முதல் பிரதி கருவூலத்துக்கு. பென்ஷன் புத்தகத்தில் அம்மாவின் பெயரும் கூட்டுப் புகைப்படமும் இருந்தால் வேலை சுலபம். அங்கேயே குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் விண்ணப்பம் கொடுங்கள். அப்பாவின் ஓய்வூதியத்தில் மாதாமாதம் அதற்குப் பிடித்திருப்பார்கள். அம்மாவுக்கு 50,000 ரூபாய் வர வேண்டும். பலர் கேட்காமலே விட்டுவிடும் பணம் இது. திருப்பிக் கட்ட வேண்டிய 60,000 ரூபாயில் பெரும்பகுதி இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்தது வங்கி. நாமினி இருப்பதால் சான்றிதழ், கிளெய்ம் படிவம், அம்மாவின் அடையாள ஆவணம் போதும். வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா என்று அலைக்கழித்தால் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். ஆவணம் சரியாக இருந்தால் 15 நாளில் முடிக்க வேண்டும். டெபாசிட்டை இடையில் முடிப்பதற்கு அபராதமும் பிடிக்கக் கூடாது. நாமினி அம்மா என்பதால் பணம் முழுக்க அம்மாவுக்கே சொந்தம் என்று ஆகாது. வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆகவே நீங்களும் அண்ணனும் அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். வீடு, நிலம் பெயர் மாற்றத்துக்குத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

பணம் வந்த அன்றே மாமாவின் ஒன்றரை லட்சத்தை முழுதாக அடைத்து, எழுதிக் கொடுத்த பத்திரம் இருந்தால் திரும்ப வாங்குங்கள். கருவூலத்துக்கான மீதி 10,000 போக 2,40,000 இருக்கும். அப்போது வங்கி மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் 'கேரண்டீட் இன்கம்' என்றோ பங்குச் சந்தையோடு சேர்ந்த காப்பீடு என்றோ ஒரு காகிதத்தை நீட்டுவார். 66 வயது அம்மாவுக்கு அது எதுவும் வேண்டாம். கையெழுத்துப் போடாமல் வெளியே வாருங்கள். 40,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். 2 லட்சத்தைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4,100 ரூபாய் வரும். குடும்ப ஓய்வூதியம் 18,000 தனி. அந்தப் புதுக் கணக்கில் நாமினி பெயரை அன்றே எழுதிவிடுங்கள்.