ஆவணம் என்றால் கையெழுத்து இருக்கட்டும்

கேள்வி: சுரங்கம், எரிவாயு, அணை என்று எந்தச் சர்ச்சையை எடுத்தாலும், ஆவணப்படங்களில் பாதி இயக்கக்காரர்கள் எடுத்தவை, மீதி கம்பெனி பணத்தில் எடுத்தவை. நடுநிலையான ஆவணப்படம் ஒன்றாவது உண்டா? (வாசகர் ஒருவர், மயிலாடுதுறை)

பதில்: நடுநிலை கொஞ்சம் காத்திருக்கட்டும். நீங்கள் எழுதிய ‘ஆவணம்’ என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆவணம் என்றால் பத்திரம். முத்திரைத்தாளைத் திருப்பிப் பார்த்தால், எந்தத் தேதியில் யார் பெயருக்கு விற்றது என்று வெண்டர் எழுதியிருப்பார். கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் கையெழுத்து, எழுதியவர் பெயர். எழுதுகூலி கொடுப்பது நிலம் வாங்குகிறவர்தான். அதற்காகப் பத்திரம் பொய்யாகிவிடாது. பழைய தமிழில் இதே சொல்லுக்குக் கடைத்தெரு என்றும் பொருள் உண்டு. கேமராவைத் தூக்குகிறவர்கள் இரண்டு பொருளையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

எனக்குத் தெரிந்து மிக நேர்மையான ஆவணம் ஒன்று 1,800 வருஷத்துக்கும் மேல் பழையது. ருமேனியாவில் ரோஷியா மொன்டானா என்று ஒரு மலைக்கிராமம். ரோமானியர்கள் தங்கம் வெட்டிய ஊர். பழைய சுரங்கங்களுக்குள் மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. கடன், விற்பனை, கூலி என்று ஒப்பந்தங்கள். கி.பி. 164 மே 20 தேதியிட்ட ஒரு பலகையில், மெமியுஸ் என்ற தொழிலாளி நவம்பர் 13 வரை தங்கச் சுரங்கத்தில் உழைக்க 70 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) கூலிக்குச் சம்மதிக்கிறார். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி பிடித்தம். தண்ணீர் புகுந்தது அவர் குற்றமா என்று கேட்க ஆள் இல்லை. ஆனால் பலகையை எழுதியவர் தன் பெயரைப் போட்டு, மெமியுஸ் தனக்கு எழுத்து தெரியாது என்றதால் அவர் கேட்டுக்கொண்டபடி எழுதினேன் என்று குறித்திருக்கிறார். ஏழையின் பேச்சை நான் எழுதுகிறேன், என் பெயர் இது என்று சொல்கிற அந்த ஒரு வரிக்காக அந்த எழுத்தரைக் கும்பிடத் தோன்றுகிறது.

ரோமானியர்கள் இந்த ஒப்பந்தங்களை இரண்டு முறை எழுதுவார்கள். உள்ளே ஒன்று, கயிறு கட்டிச் சாட்சிகள் முத்திரை வைத்தது. வெளியே ஒன்று, படித்துப் பார்க்க. தகராறு வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். நம் சுந்தரர் கதையும் அதுதானே. கல்யாணப் பந்தலில், நீ எனக்கு அடிமை என்று ஓலையோடு வந்த கிழவரிடம் பிடுங்கி அவர் கிழித்தது படியோலை, அதாவது நகல். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவர் எடுத்து வைத்தது மூல ஓலை. சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு. ஆவணப்படங்களில் நாம் பார்ப்பதெல்லாம் படியோலைதான். வெட்டாத முழுப் பேட்டியை யாராவது வெளியே வைக்கிறார்களா?

சரி, படத்துக்கு வருகிறேன். அதே ரோஷியா மொன்டானாவில் நான்கு திறந்தவெளிக் குழிகள் வெட்டி, சயனைடு போட்டுத் தங்கம் பிரிக்கக் கனடாவின் கேப்ரியல் ரிசோர்சஸ் திட்டம் போட்டது. 2006இல் ‘மைன் யுவர் ஓன் பிசினஸ்’ என்ற படம் வந்தது. எடுத்தவர்கள் அயர்லாந்துக்காரர்களான ஃபெலிம் மக்கலீர், ஆன் மக்எல்ஹின்னி. பணம் கேப்ரியல் கொடுத்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. வெளியூர்ச் சுற்றுச்சூழல்காரர்கள் இந்த மக்களை ஏழைகளாகவே இருக்கச் சொல்கிறார்கள் என்பது படத்தின் வாதம். வேலை வேண்டும் என்று அந்த ஊர் இளைஞர் கேட்பது நியாயமான கேள்வி. கம்பெனி காசில் கேட்டது என்பதற்காக அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதே சமயம், சயனைடுக்குப் பயந்தவர்கள் வீணாகப் பயப்படவில்லை. 2000 ஜனவரி 30 அன்று அதே நாட்டின் பாயா மாரே நகரருகே தங்க ஆலையின் கழிவு அணை உடைந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடுத் தண்ணீர் ஆற்றில் கலந்தது. எல்லை தாண்டி ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்தது. இளைஞரின் கேள்வியையும் அந்த மீன்களையும் சேர்த்துக் காட்டினால்தான் அது ஆவணம்.

இனி மறுபக்கம். அது என் பக்கம் என்பதால் கண்டிப்பும் கூடுதலாக வேண்டும். அமெரிக்க எரிவாயுக் கிணறுகளைப் பற்றி ஜோஷ் ஃபாக்ஸ் 2010இல் எடுத்த ‘கேஸ்லேண்ட்’ படத்தில், கொலராடோவில் ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்து நெருப்பு காட்டுவார்; தண்ணீர் பற்றி எரியும். உலகம் முழுக்கப் பரவிய காட்சி. ஆனால் அந்த வீட்டுத் தண்ணீர்க் கிணற்றில் இருந்தது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இயற்கை மீத்தேன் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் முன்பே சோதித்துச் சொல்லியிருந்தது. அந்த வட்டாரத்துத் தண்ணீரில் மீத்தேன் இருப்பதாகப் பல பத்தாண்டு பழைய பதிவுகளும் உண்டு. 2011இல் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றி எழுந்து கேட்டார்கள். தெரியும், ஆனால் அது பொருத்தமில்லை என்ற ரீதியில் ஃபாக்ஸ் பதில் சொன்னார். கேட்டவர் யார் தெரியுமா? தங்கக் கம்பெனி பணத்தில் படம் எடுத்த அதே மக்கலீர்! இவ்வளவுக்கும் படத்தில் வந்த இன்னொரு வீட்டுக் கிணற்றில் எரிவாயுத் தொழிலோடு தொடர்புள்ள வாயுவும் கலந்திருந்ததாக அதே ஆணையம் சொன்னது. இரண்டையும் சொல்லியிருந்தால் படத்தை யாராலும் அசைத்திருக்க முடியாது. மறைத்ததால் எதிராளி கையில் தானே ஆயுதத்தைக் கொடுத்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

பல வருஷம் முன்பு ஒரு ஆலை பத்திரிகைக்காரர்களை பஸ் வைத்துக் கூட்டிப்போனது. சுத்திகரித்த தண்ணீர் என்று ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் சிவப்பு மீன்கள். எல்லோரும் குனிந்து படம் எடுத்தோம். மதிலுக்குப் பின்னால் ஓடையில் விழும் குழாயைப் பார்க்கவேண்டும் என்றேன். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். நானும் போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் மீன் படம் அச்சில் வந்தது. பஸ் யாருடையது என்று ஒரு வரி வரவில்லை. அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான்.

அப்புறம்தான் பயணச்செலவு யாருடையது என்று கட்டுரைக்குக் கீழே போடும் வழக்கத்தை இந்த இதழில் கொண்டுவந்தேன். விளம்பரக் கட்டுரைக்கு மேல் ‘விளம்பரம்’ என்ற சொல்லைத் தலைப்பு அளவு எழுத்தில் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் இரண்டு விளம்பரதாரர்கள் விலகிப் போனார்கள். போகட்டும். நீங்கள் அந்த இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில் பாருங்கள். எந்தப் படம் எந்த மதிலுக்குப் பின்னால் போகவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.