டிவிடி ஜோன் போல என்கிரிப்ஷன் ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்ய முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி ஏ.எல். (உயர்தரம்) கணிதப் பிரிவு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக வீட்டில் விடமாட்டார்களாம். முடியும் தம்பி. நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டில் இருந்தபடிதான் மற்றவர்களின் செயலிகளைச் சோதித்து உழைக்கிறேன். ஆனால் ஜோனின் கதையில் பாதிதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது போல.

டிவிடி ஜோன் என்று பெயர் வாங்கிய நோர்வேயின் ஜோன் லெக் ஜொஹான்சனுக்கு 1999இல் வயது 15. இணையத்தில் பழகிய, பெயர் வெளியே வராத இரண்டு பேரோடு சேர்ந்து, டிவிடியின் என்கிரிப்ஷனை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைக் குறியீடாக மாற்றிவைக்கும் பூட்டை, திறக்கும் டீசிஎஸ்எஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஏதோ பெரிய கணிதம் போட்டு உடைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பூட்டின் சாவி வெறும் 40 பிட், அதாவது இருக்கக்கூடிய சாவிகளே சுமார் 1.1 இலட்சம் கோடிதான், கணினிக்கு அது பெரிய எண் இல்லை. அது போதாதென்று ஒரு பிளேயர் மென்பொருள் தன் சாவியை ஒழுங்காக மறைக்காமலே வைத்திருந்தது.

எனக்கும் வேலையில் மாட்டுவதெல்லாம் இந்த ரகம்தான். இன்று எங்கும் பயன்படும் பலமான என்கிரிப்ஷன் முறையான ஏஇஎஸ்ஸை உடைத்தேன் என்று இந்தத் தொழிலில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. செயலியைப் பிரித்துப் பார்த்தால் சாவி கோடுக்குள்ளேயே எழுதிக் கிடக்கும், இல்லாவிட்டால் நேரத்தை வைத்துச் சாவியை உருவாக்கியிருப்பார்கள், நேரத்தை ஊகித்தால் சாவியும் வந்துவிடும். தரவைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே பூட்டும் ஈசிபி முறை இன்னொரு தலையிடி. ஒரே தரவைக் கொடுத்தால் ஒரே குறியீடுதான் வரும். 2013இல் அடோபியில் இருந்து கசிந்த பாஸ்வேர்டுகள் அப்படித்தான் இருந்தன, ஒரே பாஸ்வேர்ட் வைத்த எல்லோருக்கும் ஒரே குறியீடு, பக்கத்தில் அவரவர் எழுதிய ஞாபகக் குறிப்பு வேறு. ஒருவருடையது தெரிந்தால் மற்றவர்களுடையதும் போச்சு.

சரி, மிச்சப் பாதிக்கு வருவோம். ஜோன் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது, வழக்கு நடந்தது, 2003 ஜனவரியில் விடுதலையானார், அரசு மேன்முறையீட்டுக்குப் போய் டிசம்பரில் திரும்பவும் தோற்றது. காசு கொடுத்து வாங்கிய டிவிடியைத்தான் திறந்தார் என்பது அவரைக் காப்பாற்றியது. அப்புறம் அமெரிக்கா போய், அப்பிளின் பாட்டுப் பூட்டுகளையும் திறந்து, டபுள்ட்விஸ்ட் என்ற கொம்பனியை ஆரம்பித்தார். ரஷ்யாவின் திமித்ரி ஸ்க்லியாரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடோபி மின்னூல் பூட்டின் பலவீனங்களைப் பற்றி 2001 ஜூலையில் லாஸ் வேகாஸ் மாநாட்டில் பேசிவிட்டு ஊருக்குப் புறப்படும்போது பிடித்துவிட்டார்கள். 2002 டிசம்பரில் அவருடைய கொம்பனியை ஜூரி விடுவித்தது உண்மைதான், ஆனால் மனிதர் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே கிடந்தார்.

நமக்கு இலங்கையில் இருப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தாலே குற்றம், எதையும் கெடுத்திருக்கத் தேவையில்லை. அதனால் உள்ளூர் வங்கி, கம்பஸ் தளம் என்று கை வைக்காதீர்கள், நல்ல எண்ணத்தில் பார்த்தேன் என்பது பொலிஸில் எடுபடாது. ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் கொம்பனிகள் காசு கொடுக்கும் ஹேக்கர்வன், பக்கிரவுட் போன்ற தளங்களில் எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுத்திலேயே இருக்கும், முதலில் அதை வடிவாக வாசியுங்கள். டொலரில் வருமானம் வரும், ஆனால் சில மாதங்களுக்கு ஒன்றுமே வராது, ஆகவே பக்கத்தில் ஒரு நிரந்தர வேலையும் வேண்டும். (ஊரில் யாராவது கேட்டால் நான் 'சொஃப்ட்வெயார்' என்றதோடு நிறுத்திக்கொள்வேன். ஹேக்கிங் என்றால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும்.)

ஏ.எல். முடியும்வரை, என்கிரிப்ஷனை உடைத்துப் பழகும் கிரிப்டோபால்ஸ் என்ற இணையப் பயிற்சிகள் போதும். இலவசம், பைத்தான் தெரிந்தால் செய்யலாம், போகப் போக எண் கோட்பாடு (நம்பர் தியரி) கொஞ்சம் வரும், கணிதப் பிரிவுக்காரருக்கு அது சமாளிக்கக்கூடியதுதான்.