பீட்டா ஓடும் போனிலிருந்து புது போனுக்கு: கேள்வி பதில்

பழைய ஐபோனில் பீட்டா (ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் எல்லோருக்கும் வருவதற்கு முன் சோதனைக்கு விடும் பதிப்பு) போட்டுவிட்டுப் புது ஐபோன் வாங்கியவர்கள், டேட்டா ஏறாமல் நடுவில் நிற்கிறது என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். போன் சர்வீஸ் கடையில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பதால் தினமும் பார்க்கிற விஷயம் இது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே (திருப்பூர்): புது போனையும் பழையதையும் பக்கத்தில் வைத்தேன். பாதி தூரம் போய், பேக்கப் புதிய ஐஓஎஸ்ஸில் எடுத்தது, முதலில் அப்டேட் செய்யுங்கள் என்கிறது. அப்டேட் தேடினால் எதுவும் இல்லை. போன் கோளாறா?

ப: போனில் கோளாறு இல்லை. பேக்கப் எந்த ஐஓஎஸ்ஸில் எடுக்கப்பட்டதோ, அதே பதிப்பு அல்லது அதற்கு மேலான பதிப்பு உள்ள போனில்தான் ஏறும். உங்கள் பழைய போன் பீட்டாவால் முன்னால் ஓடிவிட்டது. புது போன், பெட்டிக்குள் வைத்தபோது இருந்த பதிப்பிலேயே நிற்கிறது. சாதாரண அப்டேட்டில் பீட்டா வராது, அதனால்தான் தேடினாலும் கிடைக்கவில்லை.

இது வருஷா வருஷம் நடக்கிறது. 2024-ல் ஐஓஎஸ் 18.1 பீட்டா ஜூலை 29-லேயே வந்துவிட்டது. செப்டம்பர் 20 அன்று ஐபோன் 16 கைக்கு வந்தபோது அதில் இருந்தது 18.0. 18.1 எல்லோருக்குமாக வந்தது அக்டோபர் 28-ல். 2025-லும் அப்படித்தான். செப்டம்பர் 15-ல் ஐஓஎஸ் 26, 19-ல் ஐபோன் 17 விற்பனை, 22-லேயே 26.1 பீட்டா. பீட்டா அப்டேட்டை அணைக்காமல் விட்டவர்கள் அந்த வாரமே தங்களுக்குத் தெரியாமல் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். புது போனை வெறும் போனாக ஆன் செய்யுங்கள். ஆப்களையும் டேட்டாவையும் மாற்றவா என்று கேட்கும் இடத்தில் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய போனில் இருக்கும் அதே ஆப்பிள் கணக்கில் நுழையுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட், அதற்குள் பீட்டா அப்டேட்ஸ். ஐஓஎஸ் 16.4-லிருந்து பீட்டா உங்கள் கணக்கோடு சேர்ந்தே வருகிறது, முன்பு போல ப்ரொஃபைல் இறக்க வேண்டியதில்லை. பழைய போனில் உள்ள அதே வகையைத் தேர்ந்தெடுத்து அப்டேட் போடுங்கள். முடிந்ததும் செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் வழியாகப் புது போனை முழுக்க அழியுங்கள். அழிப்பது புது போனை மட்டும், பழையதை இல்லை. அழித்தாலும் ஐஓஎஸ் பதிப்பு பின்னால் போகாது, பீட்டா அப்படியே இருக்கும். இப்போது மறுபடி இரண்டு போனையும் பக்கத்தில் வையுங்கள், ஏறிவிடும்.

ஒரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஆப் எழுதுகிறவர்களுக்கான டெவலப்பர் பீட்டாவும் பொதுமக்களுக்கான பப்ளிக் பீட்டாவும் ஒன்றில்லை. டெவலப்பர் பீட்டா பெரும்பாலும் சில நாள் முன்னால் இருக்கும். பழையதில் டெவலப்பர், புதியதில் பப்ளிக் என்றால் மறுபடி அதே சுவர்தான். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட்டில் ஐஓஎஸ் பதிப்பைத் தொட்டால் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடு வரும். இரண்டு போனிலும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். குறியீடு சின்ன ஆங்கில எழுத்தில் முடிந்தால் அது பீட்டா.

கே (ஈரோடு): பீட்டாவை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் போதாதா?

ப: போதும். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பீட்டா அப்டேட்ஸை ஆஃப் செய்யுங்கள், அதே பதிப்பு எல்லோருக்கும் வெளியானதும் இரண்டு போனிலும் போடுங்கள். அதுவரை பழைய போனையே பயன்படுத்துங்கள்.

கே (சேலம்): அண்ணா, புது போன் எக்ஸ்சேஞ்சில் வருகிறது. டெலிவரி நாளன்று பழையதைக் கொடுக்க வேண்டும். ஐகிளவுட்டில் பேக்கப் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

ப: கொடுக்காதீர்கள் தம்பி. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பீட்டாவில் இருக்கிறவர் வாசலில் வைத்துப் பழைய போனை ஒப்படைக்கக் கூடாது.

2025 தீபாவளி சமயம், என் மைத்துனர் வீட்டில் நடந்தது. அவர் கட்டட மேஸ்திரி. பழைய ஐபோன் 13-ல் 26.1 பீட்டா. தள்ளுபடியில் வாங்கிய ஐபோன் 16 வந்தது. கொண்டுவந்த பையன் வாசலில் நின்றபடியே ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு போட்டு ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண்ணைப் பார்த்தான், திரையில் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து, போனை அழித்துத் தரச் சொன்னான். அடுத்த வீட்டு டெலிவரி காத்திருந்தது. இவரும் அழித்துக் கொடுத்துவிட்டார். புது போன் பெட்டியைப் பிரித்தபோது அதில் ஐஓஎஸ் 18. அதுகூடப் பரவாயில்லை, முதல் பதிலில் சொன்ன வழியில் மூன்று மணி நேரத்தில் பீட்டாவுக்கு ஏற்றிவிட்டேன். பேக்கப் பட்டியலைத் திறந்தபோதுதான் கடைசித் தேதி ஆகஸ்ட் என்று தெரிந்தது. இலவச 5 ஜிபி நிரம்பி, இரண்டு மாதமாக பேக்கப் எடுக்கவே இல்லை. அவர் சைட்டில் அளவு எழுதுவதில்லை, வாய்ஸ் மெமோவில் பேசிவிடுவார். "தெற்கு சன்னல் நாலுக்கு மூணரை, லிண்டல் ஏழடி." இரண்டு வீட்டு அளவுகள் போய்விட்டன. டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி அளக்கப் போனார்.

அதனால், ஐகிளவுட்டில் பேக்கப் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று பார்த்துச் சொல்லுங்கள். 5 ஜிபி போதாவிட்டால், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் பக்கத்தின் மேலேயே புது ஐபோனுக்குத் தயாராவது என்று ஒன்று உண்டு. அதைத் தொட்டால் மாற்றத்துக்காகவே தற்காலிக இடம் 21 நாளுக்கு இலவசம். எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டு வாங்கினால் சில ஆயிரம் கூடும்தான். அதைத் தாங்க முடியாதென்றால், கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்ட பேக்கப் ஒன்றை முந்தின இரவே எடுத்துவிடுங்கள்.

கே (நாகர்கோவில்): கம்ப்யூட்டர் பேக்கப்பில் "என்கிரிப்ட்" என்று ஒரு டிக் இருக்கிறதே, தேவையா?

ப: கட்டாயம். பேக்கப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது அதுதான். அந்த டிக் இல்லாமல் எடுத்தால் சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை விவரம், ஹெல்த் டேட்டா, அழைப்பு வரலாறு எதுவும் பேக்கப்பில் வராது. மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் அல்லது ஐட்யூன்ஸ். அந்த பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். மறந்தால் அந்த பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது, கடைக்கு எடுத்து வந்தாலும் முடியாது. இன்னொன்று, பீட்டா போடுவதற்கு முன் எடுத்த பேக்கப்பை ஃபைண்டரில் ஆர்க்கைவ் செய்து தனியாக நிறுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த பேக்கப் அதன் மேலேயே எழுதிவிடும்.

கே (கரூர், திண்டுக்கல், இன்னும் மூவர்): ரீஸ்டோர் ஆகவில்லை, அப்டேட் கேட்கிறது...

ப: முதல் பதில்.

கே (சிங்கப்பூர்): இவ்வளவு சுற்றுவழி எதற்கு? பேக்கப் கோப்புறைக்குள் இன்ஃபோ.பிலிஸ்ட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் பதிப்பு எண்ணைத் திறந்து குறைத்துவிட்டால் பழைய ஐஓஎஸ்ஸிலும் ஏறுகிறது. நான் செய்திருக்கிறேன். இந்தத் தடையே செயற்கையானது.

ப: ஏறும் என்பது உண்மை. சோதனை அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது, எண்ணை மாற்றினால் கதவு திறக்கும். ஆனால் தடை செயற்கையானது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போட்டோ, மெசேஜ், ஹெல்த் எல்லாம் டேட்டாபேஸ்களில் இருக்கின்றன. ஐஓஎஸ் புதிதாகும்போது அந்த டேட்டாபேஸின் அமைப்பும் மாறலாம். கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த கணக்குப்பிள்ளை நடுவில் இரண்டு பத்தி சேர்த்து, ஒரு பத்தியை வேறு நோட்டுக்கு மாற்றிவிட்டார். பழைய நோட்டைப் புதிய முறைக்கு மாற்றி எழுத அவருக்குத் தெரியும். முந்தையவரிடம் இந்த நோட்டைக் கொடுத்தால்? அவர் காலத்தில் இல்லாத பத்தியை அவர் எப்படிப் படிப்பார்? ஐஓஎஸ்ஸும் முன்னோக்கி மாற்றத்தான் தெரிந்தது.

கே (அதே அன்பர்): என் போன் ஒரு வருஷமாக நன்றாக ஓடுகிறது. ஆப்களின் டேட்டாவுக்கு ஐஓஎஸ் பதிப்பே சம்பந்தமில்லை.

ப: ஆப்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஒரு ஆப்பின் டேட்டா அந்த ஆப்பின் பதிப்பைத்தான் பார்க்கும். சிக்கல் ஐஓஎஸ் தானே வைத்திருக்கும் டேட்டாவில். உங்களுக்கு நடந்த இரண்டு பதிப்புகளுக்கு நடுவே பெரிய மாற்றம் இல்லாமல் இருந்திருக்கும்.

நானும் இதை ஒரு முறை செய்தேன். வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்டார், எண்ணை மாற்றி ஏற்றினேன். போன் ஆன் ஆனது, படங்கள் தெரிந்தன, இருவருக்கும் மகிழ்ச்சி. மெசேஜைத் தொட்டால் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மறுபடி தொட்டால் மறுபடி மூடியது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, பீட்டாவுக்கு ஏற்றி, நேர்வழியில் போட வேண்டி வந்தது. மூலப் பேக்கப்பின் நகலை முன்பே எடுத்து வைத்திருந்ததால் அவர் டேட்டா தப்பியது. என் அச்சம் என்னவென்றால், மூடிக்கொள்ளும் ஆப் கண்ணுக்குத் தெரிகிறது. ஹெல்த்தில் மூன்று வருஷ சர்க்கரை அளவுகளில் நடுவே ஆறு மாதம் காணாமல் போனால் யார் கவனிப்பார்கள்? கவனிக்கும்போது பழைய போன் யார் கையில் இருக்கும்?

கே (கோயம்புத்தூர்): சிங்கப்பூர் அன்பர் பக்கம்தான் நான். என் போன், என் டேட்டா. எதை எங்கே ஏற்றுவது என்பது என் முடிவு இல்லையா?

ப: உங்கள் முடிவுதான். அந்த உரிமைக்கு நானும் உங்கள் பக்கம். "ஆபத்து உண்டு, தொடரவா?" என்று கேட்டு விட்டுவிடலாமே என்று நானே நினைத்ததுண்டு. ஆனால் என்னிடம் வருகிறவர் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் போனில் இருப்பதற்கு வேறு பிரதி கிடையாது. அவர்களிடம் இந்த வழியைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வராது. செய்யத்தான் போகிறீர்கள் என்றால் பேக்கப் கோப்புறை முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, நகலில் கை வையுங்கள். இதைப் பற்றி இன்னும் ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். இத்தோடு விடுவோம், வாட்ச்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

கே (சென்னை): வாட்சிலும் பீட்டா இருக்கிறது. புது போனோடு சேர மறுக்கிறது.

ப: வாட்ச் பதிப்புக்கு ஏற்ற ஐஓஎஸ் போனில் இருக்க வேண்டும். வாட்ச்ஓஎஸ் 26-ல் உள்ள வாட்ச், ஐஓஎஸ் 18 போனோடு சேராது. போனையாவது பழைய பதிப்புக்கு இறக்கலாம், வாட்சை நீங்களாகவே இறக்க முடியாது. அதனால் முதலில் புது போனை மேலே ஏற்றுங்கள், அப்புறம் வாட்ச். பழைய போனிலிருந்து வாட்சை அன்பேர் செய்தால், அதாவது இணைப்பை நீக்கினால், அந்த நிமிஷத்தில் அதன் பேக்கப் போனில் எடுக்கப்படும். ஆகவே அன்பேர் முதலில், போன் பேக்கப் அதற்குப் பிறகு. வரிசை மாறினால் வாட்சின் புதிய பேக்கப் அதில் இருக்காது.

கே (தஞ்சாவூர்): எல்லாம் வந்தது, இரண்டு ஆப் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. அவை பீட்டா ஆப்கள்.

ப: ஐஓஎஸ் பீட்டா வேறு, ஆப் பீட்டா வேறு. ஆப் பீட்டாக்களைத் தரும் ஆப்பிளின் டெஸ்ட்ஃப்ளைட் ஆப்பைப் புது போனில் இறக்கி, அதன் வழியாக அவற்றைப் போடுங்கள். டெஸ்ட்ஃப்ளைட் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 90 நாள்தான்.

கே (மதுரை): வாட்ஸ்அப், ஜிபே, வங்கி ஆப்?

ப: வாட்ஸ்அப் தன் பேக்கப்பை ஐகிளவுட்டில் தனியாக வைக்கிறது. செட்டிங்ஸில் சாட்ஸ் பேக்கப்பை இன்று எடுத்துவிடுங்கள், அதே நம்பர், அதே ஆப்பிள் கணக்கு வேண்டும். யுபிஐ, வங்கி ஆப்கள் வந்து சேரும், உள்ளே ஒன்றும் இருக்காது. சாவிகள் அந்தந்தப் போனோடு கட்டப்பட்டவை. சிம்மைப் புது போனில் போட்டு மறுபடி பதிய வேண்டும். பதிந்த உடனே பெரிய தொகை அனுப்ப விடமாட்டார்கள், வாடகை கட்டும் நாளில் போன் மாற்றாதீர்கள். லாகின் குறியீடு தரும் கூகுள் ஆதென்டிகேட்டரை கூகுள் கணக்கோடு ஒத்திசைக்காமல் வைத்திருந்தால் பழைய போனில் க்யூஆர் எடுத்து மாற்றுங்கள். அதற்கும் பழைய போன் வேண்டும்.

கே (புதுச்சேரி): கூகுளின் பிக்சல் போனில் ஆண்ட்ராய்டு பீட்டா...

ப: என் வேலை ஐபோனில். விதி அங்கேயும் இதேதான், மேல் பதிப்பு பேக்கப் கீழ் பதிப்பில் ஏறாது. நடுவில் பீட்டாவை விட்டு வெளியேறி, வரும் அப்டேட்டைப் போட்டால் போன் அழிந்துவிடும். முழுப் பதிப்பு வரும் வரை பொறுங்கள். மற்றதை பிக்சல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே (விருதுநகர்): அப்டேட் கேட்கிறது, ரீஸ்டோர் ஆகவில்லை...

ப: முதல் பதில். தயவுசெய்து மேலே படியுங்கள், உங்களுக்காகத்தான் அத்தனை நீளமாக எழுதினேன்.

கே (வேலூர்): எல்லாம் வந்துவிட்டது. பழையதை எப்போது அழிக்கலாம்?

ப: இரண்டு வாரம் போகட்டும். அதற்குள் வாட்ஸ்அப்பில் மிகப் பழைய உரையாடலைத் திறந்து ஒரு படத்தைத் தொட்டுப் பாருங்கள். நோட்ஸில் "ஆன் மை ஐபோன்" பகுதி, வாய்ஸ் மெமோ, ஹெல்த்தில் பழைய மாதம், ஆதென்டிகேட்டர், வங்கி ஆப்கள் எல்லாவற்றையும் ஒரு முறை திறந்துவிடுங்கள். அப்புறம் அழிக்கலாம். ஃபைண்ட் மையை வீட்டிலேயே அணைத்துவிட்டுப் போங்கள். திருட்டுப் பாதுகாப்பு (ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன்) ஆன் செய்திருந்தால், பழக்கமில்லாத இடத்தில் அதை அணைக்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், கடை கவுண்ட்டரில் நின்றுகொண்டிருப்பீர்கள்.