அமெரிக்க ஃபுட்பால் ஆடும் கல்லூரிக் கடைசி ஆண்டு வீரர்கள், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டுக்கு முன் எப்படித் தயாராகிறார்கள்? அவர்களை எதை வைத்து எடைபோடுகிறார்கள்?

விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் இதற்குப் பதில் எழுதினால் 40 யார்டு ஓட்டத்தில்தான் தொடங்குவார். நான் செய்தியாளன் அல்லன். அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து மொபைல் நகரில், ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் கல்லூரிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் வீரர்களைக் கொண்டு இந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் சீனியர் பவுல் என்னும் ஆட்டத்துக்கான பயிற்சிகளைச் சில முறை நேரில் பார்த்திருக்கிறேன். என்னுடன் வேலை செய்பவர் ஒருவரின் மகன் இந்தத் தேர்வுப் பாதை முழுவதையும் கடந்து வந்ததையும் பக்கத்தில் இருந்து கவனித்தேன். இந்த இரண்டிலிருந்தும் எனக்குப் புரிந்தது இதுதான்: தொலைக்காட்சியில் எந்தச் சோதனையை அதிகமாகக் காட்டுகிறார்களோ, அது முடிவைத் தீர்மானிப்பதில் மிகச் சிறிய பங்கையே வகிக்கிறது. பெரும்பங்கு, நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ஆட்டப் பதிவுகளுக்கும், கேமரா நுழையாத மருத்துவ அறைக்கும் உரியது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். போன்ற ஏலம் அன்று. தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். அமைப்பின் 32 அணிகளும் வரிசையாக ஒவ்வொரு வீரராகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 1936-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய இந்த முறையில் இன்று ஏழு சுற்றுகளில் ஏறத்தாழ 257 பேர் தேர்வாகிறார்கள். அணிகளும் வீரர்கள் சங்கமும் 2011-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்த இடத்தில் தேர்வாகிறீர்களோ அந்த இடத்துக்கான சம்பளம் பெரும்பாலும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. 2024-இல் முதலாவதாகத் தேர்வான கேலப் வில்லியம்ஸின் நான்காண்டு ஒப்பந்தம் 3.9 கோடி டாலருக்கு மேல். 2022-இல் கடைசியாக, 262-ஆவதாகத் தேர்வான பிராக் பர்டியின் நான்காண்டு ஒப்பந்தம் 40 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. ஓர் அங்குலத்துக்கும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்கும் இவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

வீரரைப் பொறுத்தவரை தயாரிப்பு, கல்லூரியின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே தொடங்கிவிடுகிறது. அணிகளோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகின்றன. வட்டாரத்துக்கு ஒருவராக நியமிக்கப்பட்ட ஸ்கவுட்கள், அதாவது வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள், இறுதியாண்டு தொடங்குவதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே பெயர்ப் பட்டியலும் தொடக்க மதிப்பெண்ணும் வைத்திருப்பார்கள். பருவம் முழுவதும் கல்லூரி கல்லூரியாகக் காரில் சுற்றி, பயிற்சியாளரிடம் மட்டுமல்லாமல் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெய்னரிடமும், துணி மணிகளையும் ஹெல்மெட்டையும் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடமும் பையனைப் பற்றி விசாரிப்பார்கள். பெண் பார்க்கப் போகுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதைப் போன்றதுதான் இதுவும்.

டிசம்பர் கடைசியிலோ சனவரியிலோ வீரர் ஓர் ஏஜென்டுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். நல்ல இடத்தில் தேர்வாகும் வாய்ப்பு உள்ளவர் என்றால் புளோரிடாவிலோ அரிசோனாவிலோ உள்ள தனியார் பயிற்சி மையத்தில் எட்டு வாரம் தங்கிப் பயிற்சி பெறும் செலவை ஏஜென்டே ஏற்றுக்கொள்வார். அங்கே ஃபுட்பால் விளையாட்டைச் சொல்லித்தருவது குறைவு. தேர்வு எழுதச் சொல்லித்தருவதே அதிகம். 40 யார்டு, அதாவது சுமார் 36.5 மீட்டர் ஓட்டத்தில் முதல் பத்து யார்டுதான் பணம். எனவே ஒரு கையைக் கோட்டில் ஊன்றிக் குனிந்து நிற்கும் அந்த ஒரே நிலையை நாள்தோறும் திருத்துகிறார்கள்: முன்கால் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், இடுப்பு எவ்வளவு உயர வேண்டும், முதல் அடி வைக்கும்போது எந்தக் கை பின்னே போக வேண்டும் என்பதெல்லாம் சுண்ணக்கட்டியால் தரையில் குறிக்கப்படுகின்றன. 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையை மார்புக்கு மேல் எத்தனை முறை தூக்க முடியும் என்பதற்கும், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரமும் தூரமும் தாண்ட முடியும் என்பதற்கும், மூன்று கூம்புகளைச் சுற்றி எத்தனை விநாடியில் வளைந்து ஓட முடியும் என்பதற்கும் இதே போன்ற தயாரிப்புதான்.

தேர்வுக்கென்றே படிக்கும் இந்தப் பழக்கத்தின் முன்னோடி என்று பாஸ்டன் கல்லூரியின் மைக் மமூலாவைச் சொல்வார்கள். 1995-இல் அவர் இந்தச் சோதனைகளையே குறிவைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டு எல்லோரையும் அசத்தினார். அவரைப் பெறுவதற்காகவே பிலடெல்பியா ஈகிள்ஸ் பேரம் பேசி ஏழாவது இடத்துக்கு ஏறியது. அந்தப் பேரத்தில் டாம்பா பே அணிக்குப் போன 12-ஆவது இடத்தில் தேர்வான வாரன் சாப், பின்னாளில் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வரை சென்றார். மமூலா ஐந்து பருவங்கள் ஆடி ஓய்ந்தார். 2008-இல் உடற்சோதனைகளில் கலக்கி ஆறாவது இடத்தில் ஜெட்ஸ் அணிக்குப் போன வெர்னான் கோல்ஸ்டனின் கதை இன்னும் கசப்பானது: பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் எதிரணிக் குவாட்டர்பேக்கை வீழ்த்துவதற்கென்றே எடுக்கப்பட்டவர், தம் தொழில்முறை வாழ்வில் ஒருமுறைகூட ஒருவரையும் வீழ்த்தவில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை. 1951 முதல் சீனியர் பவுல் மொபைலில்தான் நடக்கிறது. சனிக்கிழமை ஆட்டம் வெறும் சடங்கு. ஸ்கவுட்களில் பலர் அதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உண்மையான வேலை செவ்வாய் முதல் வியாழன் வரை நடக்கும் பயிற்சிகளில்தான். இரு அணிகளுக்கும் என்.எஃப்.எல். பயிற்சியாளர்களே பயிற்சி தருவார்கள். வீரர்கள் ஒரே நிறச் சட்டை அணிந்தாலும் தலையில் அவரவர் கல்லூரி ஹெல்மெட்டை அணிந்திருப்பதால் மைதானம் திருவிழாக் கடை போல இருக்கும்.

கூட்டம் மொத்தமாக ஒரு மூலைக்கு நகர்ந்தால், அங்கே முன்வரிசையில் மோதும் லைன்மேன்களின் ஒற்றைக்கு ஒற்றை தொடங்கிவிட்டது என்று பொருள். குவாட்டர்பேக் நிற்கும் இடத்தில் ஒரு திண்டை நிறுத்திவைத்து, தாக்குபவர் ஒருவர், தடுப்பவர் ஒருவர் என்று நேருக்கு நேர் விடுவார்கள். மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். ஒருமுறை நான் பார்த்தபோது, பெயர் அதிகம் வெளியே தெரியாத ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்த தடுப்பாளர், பெரிய பல்கலைக்கழகத்து வீரர் ஒருவரிடம் முதல் மோதலில் மல்லாந்து விழுந்தார். சுற்றிலும் நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். வரிசையின் கடைசிக்குப் போக வேண்டிய அவர், போகாமல், அதே ஆளைக் கையால் சுட்டி மீண்டும் கேட்டார். இரண்டாவது முறையும் தோற்றார், ஆனால் விழவில்லை. மூன்றாவது முறை, கைகளை முன்னதாகவே எதிராளியின் மார்பில் வைத்துவிட்டு, பாதங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அந்த மூன்று விநாடியையும் தாங்கிவிட்டார். எனக்கு முன்னால் நின்ற ஸ்கவுட் ஒருவர் அதுவரை எழுதாதவர், அப்போதுதான் குறிப்பேட்டைத் திறந்தார். ஒரே தவற்றை ஒரு பிற்பகலுக்குள் திருத்திக்கொள்ளும் ஆள் என்பதை எந்த ஓட்டமும் காட்டாது.

அடுத்தது பிப்ரவரிக் கடைசியில் இண்டியானாபோலிஸ் நகரில் நடக்கும் கம்பைன், எல்லா அணிகளும் ஒரே இடத்தில் கூடி வீரர்களைச் சோதிக்கும் ஏற்பாடு. 1987 முதல் அங்கேதான் நடக்கிறது. முந்நூறு பேருக்குச் சற்று அதிகமானோருக்கு மட்டுமே அழைப்பு. 2024-இல் சேவியர் வொர்தி 40 யார்டை 4.21 விநாடியில் ஓடியது அங்கேதான். உயரத்தை ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை அளந்து நான்கு இலக்கமாக எழுதுவார்கள். 6033 என்றால் ஆறடி மூன்று அங்குலத்துடன் எட்டில் மூன்று பங்கு. கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் உண்டு. 2022-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கென்னி பிக்கெட், தம் கட்டைவிரல் இரட்டை மூட்டுடையது என்பதால் இன்னும் சில வாரங்கள் விரித்துப் பழக்க வேண்டும் என்று சொல்லி, சீனியர் பவுலில் கையை அளக்கவே விடவில்லை. கம்பைனில் அளந்தபோது எட்டரை அங்குலம்தான் இருந்தது. நாடு முழுவதும் ஒரு மாதம் அந்தக் கையைப் பற்றியே பேசியது. அப்படியும் அவர் 20-ஆவது இடத்தில், அந்த ஆண்டின் முதல் குவாட்டர்பேக்காகத் தேர்வானார். அதே டிராஃப்டில் கடைசி இடம் பெற்ற, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடிய பர்டிதான் இரண்டே ஆண்டுகளில் தம் அணியை என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அளவுகோலைத் தொழிலாகக் கொண்ட எனக்கே இதைச் சொல்லச் சிறிது கூச்சமாக இருக்கிறது. ஆனால் எதை அளக்க முடிகிறதோ அதற்கு நாம் அளவுக்கு மீறி மதிப்புத் தருகிறோம்.

அழைப்பு வந்தும் பெரிய வீரர்கள் பலர் கம்பைனில் ஓடுவதில்லை. ஆனாலும் ஊருக்கு வந்து சேர்கிறார்கள். காரணம் மருத்துவப் பரிசோதனை. கம்பைன் என்ற ஏற்பாடே முதலில் அதற்காகத்தான் உருவானது. அணிகளின் மருத்துவர்கள் அறை அறையாக அமர்ந்திருக்க, வீரர் ஒவ்வோர் அறையாகப் போய் அதே முழங்காலை, அதே தோளை மீண்டும் மீண்டும் இழுத்துத் திருகக் காட்ட வேண்டும். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., இதயப் பரிசோதனை எல்லாம் நடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு வீரர் மொரிஸ் ஹர்ஸ்ட், முதல் சுற்றில் போவார் என்று 2018-இல் பலரும் எழுதிக்கொண்டிருந்தபோது, இதயத்தில் ஏதோ சரியில்லை என்று கம்பைனில் கண்டறிந்து அவரை ஓடவிடாமல் நிறுத்தினார்கள். ஐந்தாம் சுற்றில் 140-ஆவதாகத்தான் தேர்வானார். அதன் பிறகு பல பருவங்கள் ஆடவும் செய்தார்.

நேர்காணலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருபது நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், அந்த வீரரே சொதப்பிய ஓர் ஆட்டத்தைத் திரையில் ஓட்டி, யார் தவறு என்று கேட்பார்கள். தோழனைக் காட்டிக்கொடுக்கிறானா, தன்மேல் போட்டுக்கொள்கிறானா, உண்மையைச் சொல்கிறானா என்று பார்ப்பார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்விகளுக்கு விடையளிக்கும் வொண்டர்லிக் என்னும் பழைய அறிவுத் தேர்வை 2022-இல் கம்பைனிலிருந்து நீக்கிவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

என் சக ஊழியரின் மகனுக்குக் கம்பைன் அழைப்பு வரவில்லை. அவர் ஒரு சிறிய கல்லூரியில் டிஃபென்சிவ் எண்ட் இடத்தில், அதாவது தற்காப்பு வரிசையின் ஓரத்தில், ஆடியவர். இரண்டாம் ஆண்டில் இடது தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஏஜென்ட் கிடைத்தார், ஆனால் பயிற்சிச் செலவைத் தந்தைதான் ஏற்றார். வெளியூர் மையத்துக்கு வசதி இல்லாததால் இங்கேயே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் காலை ஐந்து மணிக்குப் பயிற்சி. இப்படிப்பட்டவர்களுக்கு இருக்கும் ஒரே வாயில் மார்ச்சு மாதத்து ப்ரோ டே. கல்லூரி வளாகத்திலேயே அணிகளின் ஆட்கள் வந்து அதே சோதனைகளை நடத்துவார்கள். நானும் அவர் தந்தையும் வேலி ஓரத்தில் நின்றோம். அன்று அவர் வாழ்நாளிலேயே வேகமாக ஓடினார். ஓடி முடித்ததும் ஸ்கவுட்கள் நிறுத்தக் கடிகாரங்களை ஒருவருக்கொருவர் காட்டித் தலையசைத்தார்கள். தந்தை என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு மூன்று பேர் பையனிடம் வந்து பேசினார்கள். மூவரும் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; தோளைப் பற்றியே கேட்டார்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் குறிப்புகள் எங்கே, அந்தக் கையை உயர்த்திக் காட்டு, வலிக்கிறதா, எத்தனை ஆட்டம் தவறியது என்று.

ஏப்ரல் கடைசியில் மூன்று நாளும் அவர்கள் வீட்டில் சமையலும் உறவினர்களுமாக இருந்தார்கள். ஏழாம் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேர்வாகாமல் போகப்போகிறவர்களை வளைத்துப்போட அணிகள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிடும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்ததால், பையன் கைபேசியை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு அது இரண்டு முறை ஒலித்தது, இரண்டும் அத்தைமார். மறுநாள் காலையில் ஓர் அணி கூப்பிட்டது, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், புதியவர்களுக்கான மூன்று நாள் முகாமில் வந்து ஆடிக்காட்டும்படி. போனார். அங்கே அவர் கையில் முதலில் கொடுத்தது சட்டையை அல்ல, மருத்துவ அறைக்குப் போகும் சீட்டை. மூன்றாம் நாள் மாலை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவர் மொபைலிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளியில் துணைப் பயிற்சியாளராக இருக்கிறார். ப்ரோ டே அன்று ஓடிய நேரத்தை யாராவது கேட்டால் இன்றும் நூறில் ஒரு பங்கு விநாடி வரை சரியாகச் சொல்வார்.